ஒரு ரிங், ஐந்து கிலோமீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டில் மேல் கிடந்த போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தால் அம்மா. அந்தக் கணமே என் இரண்டு தொடையும் கல் மாதிரி இறுகிக்கொண்டன. சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்குப் பதற்றம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். எனக்குத் தொடை இறுகும். முப்பத்தைந்து வயதாகிறது, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் தொடை மட்டும் எதையும் மறக்கவில்லை.

திருப்பிக் கூப்பிட்டேன். அம்மா எடுப்பதற்குள் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து, ஆட்டோ பிடித்து, மனசுக்குள் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி, கை பட்டுடுச்சு. இந்தப் புதுப் போனு தொட்டாலே போவுது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீ எங்கியாச்சும் கெளம்பற நேரமா? எதுனா கெடுத்துட்டனா?"

"ஞாயித்துக்கெழம நான் எங்கம்மா கெளம்பப் போறேன்" என்று சிரித்துவிட்டு, மழை, முட்டிவலி, அப்பாவின் சுகர் எல்லாம் பேசி வைத்துவிட்டேன். மடித்த துணியை அலமாரியில் அடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. கை பட்டுப் போன ஒரு ரிங் எதைக் கெடுக்கும்? அம்மா ஏன் அப்படிக் கேட்டாள்?

மிஸ்டு கால் என்றால் இப்போது நாம் எடுக்கத் தவறிய அழைப்பு. அப்போது அப்படி இல்லை. எடுக்கக் கூடாது என்றே அனுப்புகிற அழைப்பு. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா சிதம்பரத்தில் சத்துணவுக் கூடத்தில் சமையல். சிதம்பரத்து வீட்டுக்கு ஒரே போன், அது அம்மாவிடம்; அப்பாவிடம் இன்னொன்று. அப்பாவிடமிருந்து ஒரு ரிங் வந்தால் நன்றாயிருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. மூன்று ரிங் வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனைத் தொடுவாள். ஒருதடவை ஆசைப்பட்டு நான் முதல் ரிங்கிலேயே எடுத்து "அப்பா!" என்றேன். அந்தப் பக்கத்தில் அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "எடுத்துட்டியேடி பாவி!"

எங்கள் வீட்டில் மிஸ்டு கால் போன் பண்ணினதாகவே கணக்கில்லை. "நேத்து அவரு போன் பண்ணாரா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, மிஸ்டு காலுதான் குடுத்தாரு" என்பாள் அம்மா. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தலைவிதி அதில்தான் சிக்கிக்கொண்டது.

பிளஸ் ஒன்னில் கவர்மென்ட் சைக்கிள் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி லேடீஸ் சைக்கிள். ஒருத்தி சாவி இன்னொருத்தி பூட்டுக்குச் சேரும். சாயங்காலம் மணி அடித்ததும் ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை ஓட்டிக்கொண்டு போய், மறுநாள் மாற்றிக்கொள்வோம். என் வீடு ஊருக்கு வெளியே இருந்தது. தினமும் லேட். லேட்டாக வருகிறவர்களைப் பிடிக்க கேட்டில் கம்போடு நிற்கும் பி.டி. சார் ஒருநாள் என்னை அடிக்காமல் உற்றுப் பார்த்தார்.

"டவுன் பஸ்ஸ முந்திக்கிட்டு வந்து லேட்டாவுற ஒரே ஆளு நீதான். நாளைலேந்து அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வா."

அப்படித்தான் பிளஸ் டூ படிக்கும்போது, தை பிறந்து கொஞ்ச நாளில், கடலூரில் நடந்த மாவட்டத் தேர்வுக்குப் போனேன். ஐந்து கிலோமீட்டர். கூட்டமாக ஓட்டுகிற ரேஸ் இல்லை, ஒவ்வொருத்தியாகத் தனியே விடுவார்கள். எதிரில் ஆள் கிடையாது, கடிகாரம்தான். முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே போய் வந்த சர்டிபிகேட் இருந்தால் உடற்கல்விக் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் என்று சார் சொல்லியிருந்தார். எனக்கு பி.டி. டீச்சர் ஆக வேண்டும். உண்மையைச் சொன்னால், முதலில் அந்த விசில் மேல்தான் ஆசை. அது இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாள் திருப்பூர். பனியனில் பிசிறு நூல் வெட்டுகிற செக்கிங் பிரிவில் எனக்கு ஓர் இடம் அப்பா சொல்லியே வைத்திருந்தார். என் மார்க்கை நம்பி வேறு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

ஆகவே, இரண்டாவதுக்குள் வர வேண்டும். அந்த ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. கனவில்கூட மிதித்து, பாயில் பக்கத்தில் படுத்திருந்த அம்மாவை உதைப்பேன்.

எடை குறைய வேண்டுமென்று சார் வீட்டுக்கே ஸ்பேனரோடு வந்து ஸ்டாண்டு, கூடை, செயின் கவர், மட்கார்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். கேரியரில் கை வைத்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ரேஷன் அரிசி அதில்தான் வரும்.

"கேரியர் இல்லாத சைக்கிள வெச்சிக்கிட்டு என்னா சார் பண்றது?"

"ஒரு வாரம்தாம்மா. நானே வந்து திருப்பி மாட்டித் தரேன்."

கழற்றியதையெல்லாம் அம்மா ஒரு பழைய புடவையில் மூட்டை கட்டி, திருட்டுப் போகிற தங்கம் மாதிரி கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

போட்டிக்கு முதல்நாள் சார் கண்டிப்பாகச் சொன்னார். "நாளைக்கு ஆறு மணிலேந்து எட்டு மணி வரைக்கும் என் போனுக்கு ஒரு ஈ காக்கா வரக் கூடாது. வீட்ல சொல்லிடு." அவர் நம்பரைத்தான் அவசரத்துக்கென்று அம்மாவிடம் கொடுத்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் சொன்னேன். "சாருக்கு போன் பண்ணிடாதம்மா."

அம்மா பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். "நான் ஏண்டி பண்ணப் போறேன்" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ரயில் கிடையாது. அகலப்பாதை போடுவதற்குத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். சைக்கிளை பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சார் ஒரு காய்கறி டெம்போவைப் பிடித்தார். முட்டைக்கோஸ் மூட்டைகள் மேல் சைக்கிளைப் படுக்க வைத்து, டிரைவருக்கும் சாருக்கும் நடுவில் நான் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளின் வாடை வர ஆரம்பித்தது. மருந்து டப்பாவைத் திறந்த வாடை, அதோடு அழுகின பலாப்பழ வாடை. தினமும் அந்த வழியில் போகிறவர்களுக்கு அது தெரிவதே இல்லையாம். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இன்றைக்கும் அந்த ரோட்டில் பஸ்ஸில் போனால் எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும். சொன்னால் என் வீட்டுக்காரர் நம்புவதில்லை.

இப்போது அந்தப் போட்டியில் நேரம் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பஸ் போகிற ரோட்டில் சைக்கிளைத் திருப்பி ஓட்டுவது ஆபத்து என்று ஒரே போக்காகப் பாதையை வைத்திருந்தார்கள். சிப்காட் தாண்டித் தெற்கே ஒரு மதகில் கிளம்பி, முதுநகருக்கு முன்னால் ஒரு புளியமரத்தில் முடியும். ஸ்டாப் வாட்ச் ஒன்றே ஒன்று. அது புளியமரத்தடியில் எங்கள் பி.டி. சார் கையில். மதகில் இன்னொரு பள்ளிக்கூடத்து சார், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் போன். இரண்டுக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டர். இங்கே கிளம்புவது அங்கே எப்படித் தெரியும்? மிஸ்டு கால்தான். தொப்பி சார் நம்பரைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, "ரிங் போவுது... போ!" என்று கத்திவிட்டு கட் பண்ணுவார். அங்கே சாரின் இடது கையில் போன் நடுங்கும், வலது கை வாட்சை அமுக்கும். ஒருத்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தவள்.

"ஒண்ணு ரெண்டு செகண்டு தள்ளிப் போவுமே சார்?" என்று நான் கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பு நடந்தா அது தப்பே இல்ல" என்றார் சார்.

ஏழு பெண்கள். நான் ஐந்தாவது. மதகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாகப் போனவள் ஸ்டெல்லா, முதுநகர்க்காரி. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினாள். எனக்கு எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை. நாலு தடவை புதருக்குப் போய் வந்தேன். பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன், டயரை அமுக்கிப் பார்த்தேன், மறுபடியும் பிரேக்கை அமுக்கினேன். திருப்பூர், திருப்பூர் என்று ஒரு குரல் உள்ளே கண்டக்டர் மாதிரி கூவிக்கொண்டே இருந்தது.

"ரிங் போவுது... போ!"

அந்த முதல் ஓட்டத்தைப் பற்றி நான் யாரிடமும் பெருமையடித்ததில்லை, உங்களிடம் அடித்துக்கொள்கிறேன். மிதித்த இரண்டாவது நிமிஷத்தில் பயம் போய்விட்டது. வடக்கிலிருந்து வந்த காற்று லேசாகத்தான் இருந்தது. ரோட்டில் பனி. பால் வண்டி ஒன்றை முந்தினேன். மூச்சும் கால்களும் ஒன்றாகப் போயின. அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் எதையும் நான் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. புளியமரத்தைத் தாண்டி நிறுத்தியபோது சிரித்துக்கொண்டிருந்தேன்.

சார் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதிமூணு நிமிஷமா? நீயா?"

என் சிரிப்பு நின்றது. சார் போனை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். "ரெண்டு மிஸ்டு கால் இருக்கு. மொதல்ல ஒண்ணு வந்துச்சு, வாட்ச அமுக்கிட்டேன். அப்பறம் இன்னொண்ணு வந்துச்சு, மதகுல நிக்கிற சாரு எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டாந்தரம் அடிக்கிறாருன்னு நெனச்சேன். பின்னால வந்ததுதான் அவரு. மொதல்ல வந்தது யாருதுன்னே தெரியல." அந்த நம்பரைச் சத்தமாகப் படித்தார். நாலாவது எண்ணிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கம்மா சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இப்போதும் எதிர்கொள்ள முடியாது. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் நின்ற வேறொரு வாத்தியார், "ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கிற நேரத்தக் கழிச்சுட்டா போச்சு" என்றார். போனைப் பார்த்தார்கள். ஆறு ஐம்பத்திரண்டு, ஆறு ஐம்பத்துமூன்று என்று இருந்தது. அந்தப் போனில் செகண்டு காட்டாது. நடுவில் பத்து செகண்டாகவும் இருக்கலாம், நூறு செகண்டாகவும் இருக்கலாம்.

கடைசியில் முடிவு பண்ணினார்கள். மிச்சம் இரண்டு பேர் முடித்த பிறகு நான் மறுபடியும் ஓட்டலாம், இல்லையென்றால் பதிமூன்று நிமிஷம்தான் என் நேரம். மறுபடி ஓட்ட வேண்டுமானால் மதகுக்குத் திரும்பிப் போக வேண்டும். எப்படிப் போவது? சைக்கிளில்தான். ஷேர் ஆட்டோவில் சைக்கிள் ஏறாது.

அப்போது ஸ்டெல்லா வந்து தன் பாட்டிலை நீட்டினாள். குளுக்கோஸும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர். நெய்வேலிப் பெண் ஒருத்தி முதலில் இருந்தாள், ஸ்டெல்லா இரண்டாவது. அவள் நேரம் பதினொரு நிமிஷம் முப்பத்தெட்டு செகண்டு. நான் தாண்ட வேண்டியது அவளைத்தான்.

"நல்லா ஓட்டு புள்ள" என்றாள். பிறகு அவளுக்கே பொறுக்காமல், "ஆனா என்னையத் தாண்டிடாத. எங்கம்மா வீட்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டு இருக்காங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

மெதுவாகத்தான் போனேன். ஆனால் நின்று ஆறிய காலை மறுபடி மிதிக்க வைத்தால் அது சண்டைக்கு வரும். மதகில் இறங்கினேன். தொப்பி சார் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறிவிட்டது. காற்றும் ஏறிவிட்டது. ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"ரிங் போவுது... போ!"

முதல் நூறு மிதியிலேயே தெரிந்துவிட்டது, இது வேறு கால். தொடை இரண்டும் ஊறின தேங்காய் மட்டை மாதிரி கனத்தன. இடது கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்தது. கரண்டுக் கம்பங்களை எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தேன், உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே என்னை மண்ணில் இறக்கிவிட்டுப் போனது. ரோட்டுக்குத் திரும்ப ஏறும்போது வண்டி ஒரு கணம் நின்றே விட்டது.

அப்போது நான் அம்மாவைத் திட்ட ஆரம்பித்தேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. அவளை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். இவளுக்கு மகளாகப் பிறந்ததற்குத் திருப்பூரில் போய் நூல் வெட்டு என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வசவு வைத்தேன். கடைசி ஒரு கிலோமீட்டரை அந்தக் கோபத்தில்தான் ஓட்டினேன். லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

பதினொன்று நாற்பத்திரண்டு. ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் நாலு செகண்டு.

நான் புளியமரத்தடியில் சைக்கிளோடு சேர்ந்து விழுந்தேன். சார் என் காலை நீட்டி அமுக்கிவிட்டார். "பரவால்ல பாப்பா" என்றார். ஸ்டெல்லா என் பக்கம் வரவே இல்லை. தூரத்தில் நின்று முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நின்றாள். விரலில் கற்பூரக் கரி.

"மிஸ்டு காலு வந்துச்சா? கற்பூரம் ஏத்துன கையோட குடுத்தேன். அம்மா நெனச்சிக்கிட்டு இருக்கான்னு சாரு ஒங்கிட்ட சொல்லுவாருன்னுதான். நீ போன் பண்ணாதன்னியே, அதனால போனெல்லாம் பண்ணல."

வழியெல்லாம் எதையெதையோ கேட்பதற்கு வைத்திருந்தேன். அந்தக் கரியைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்தது வேறு. "வந்துச்சும்மா. சார் சொன்னாரு. மூணாவது வந்துட்டேன்."

"பாத்தியா?" என்றாள். அன்று சாயங்காலம் தெரு முழுக்க ஜில்லாவிலேயே மூணாவது என்று சொல்லி வைத்திருந்தாள்.

பரீட்சை முடிந்த மறுநாள் திருப்பூர் போனேன். செக்கிங்கில் நூல் வெட்டி, இப்போது அதே பிரிவில் சூப்பர்வைசர். குறை ஒன்றும் இல்லை. என்னிடம் இப்போது விசில்கூட இருக்கிறது, தீயணைப்பு ஒத்திகைக்குக் கொடுத்தது. முதல் மாசச் சம்பளத்தில் ஒரு போன் வாங்கினேன். அம்மாவிடம் சொன்னேன், "மிஸ்டு கால் குடும்மா, நான் கூப்புடறேன்." அவள் கொடுக்கவே இல்லை. நேரே கூப்பிடுவாள். எடுத்ததும், "பேசலாமா? எதுனா வேலையா இருக்கியா?" என்பாள். "சாப்டியா? சரி, வேலையப் பாரு" என்று பத்து செகண்டில் வைத்துவிடுவாள். இதற்கு எதற்குக் காசைக் கொட்டுகிறாள், மகள் சம்பாதிக்கிற திமிரா என்று கேலி பண்ணியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அலமாரி முன்னால் நின்றுகொண்டு எண்ணிப் பார்த்தேன். அன்றைக்குக் கை பட்டு வந்ததைத் தவிர, பதினேழு வருஷத்தில் அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வந்ததில்லை. தவறிக்கூட இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

"யாரும்மா சொன்னா ஒங்கிட்ட? அந்த சைக்கிள் ரேஸ பத்தி?"

அந்தப் பக்கத்தில் மிக்ஸி ஓடி நின்றது.

"கேரியரு மாட்டித் தர வந்தாரில்ல, ஒங்க சாரு. வெளையாட்டாதான் சொன்னாரு. ஒங்க ஒரு மிஸ்டு காலுக்கு ஒங்க பொண்ணு ரெண்டு தரம் ஓட்டுச்சும்மான்னு. நானும் சிரிச்சேன். அவரு போனதுக்கப்பறம் ஒலைய வெச்சிட்டு அரிசி போட மறந்துட்டேன்."

"எங்கிட்ட ஏம்மா கேக்கல?"

"நீ சொன்னியா?"

கடைசி ஒரு கிலோமீட்டர் அவளைத் திட்டிக்கொண்டே ஓட்டியதை அன்றைக்கும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

அந்த சைக்கிள் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரத்தை வெட்டிவிட்டார்கள், எந்த இடம் என்று பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. பி.டி. சார் மாற்றலாகி எங்கே போனாரோ. மிஸ்டு காலும் போய்விட்டது. பேசுவது மலிவானதால் போயிற்று என்பார்கள், ஊருக்கு அது சரி. எங்கள் வீட்டில் அது அந்தக் கேரியர் மாட்டிய அன்றைக்கே போயிருக்கிறது.

வைக்கப் போகும்போது அம்மா கேட்டாள். "ஏண்டி, மொதல்ல ஓட்டுனியே, அதுல எவ்ளோ நேரத்துல வந்த?"

"தெரியாதும்மா."

"ஒரு அந்தாசா?"

"யாருக்குமே தெரியாதும்மா."

அந்தப் பக்கத்தில் மிக்ஸி மறுபடி ஓடி நின்றது. நான் வைக்கவில்லை. பிறகு, "நல்லா ஓட்டியிருப்ப" என்றாள்.